எறிவதற்கு முன் கற்றுத்தர வேண்டியவை

பந்தை எறிந்தால் ஓடிப்போய் எடுத்து வருவது நாயின் பிறவிக் குணம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். எங்கள் தெருவில் லாப்ரடார் வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய நாய்களில் பெரும்பாலானவை பந்தின் பின்னால் ஓடும். சில அதைக் கவ்விக்கொண்டு திரும்பும். மிகச் சிலவே கையில் கொடுக்கும். மற்றவை இரண்டடி தள்ளி நின்று வாலாட்டிக்கொண்டிருந்துவிட்டு, வளர்ப்பவர் நெருங்கியதும் மறுபடியும் ஓட்டம் பிடிக்கும். ஓடவும் கவ்வவும் நாய்க்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வாயில் எடுத்த பொருளை அசையாமல் பிடித்திருக்கவும், பிறகு அதை நம்மிடம் விட்டுக்கொடுக்கவும்தான் பயிற்சி தேவைப்படுகிறது. நாமோ எறிவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, மற்றவை தாமாக வந்து சேரும் என்று காத்திருக்கிறோம்.

ரிட்ரீவர் வகை நாய்கள் இந்தப் பின்பாதி வேலைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் துப்பாக்கியால் பறவை வேட்டையாடியவர்களுக்கு, நீரிலோ புதரிலோ விழுந்த பறவையைச் சிதைக்காமல் கொண்டுவந்து சேர்க்கும் நாய் தேவைப்பட்டது. பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆனவர், ஸ்காட்லாந்தில் இருந்த தம் பண்ணையில் 1868-இல் மஞ்சள் நிற ரிட்ரீவர் ஒன்றையும் ட்வீட் வாட்டர் ஸ்பானியல் ஒன்றையும் இணைசேர்த்ததிலிருந்து கோல்டன் ரிட்ரீவரின் வரலாறு தொடங்குகிறது. நம் தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறையும் கன்னியும் வேறு வேலைக்கு உரியவை; கண்ணில் பட்ட முயலைத் துரத்திப் பிடிக்கும் வேகத்துக்காக வளர்க்கப்பட்டவை. தெருநாயையோ யாரும் எதற்காகவும் தேர்ந்தெடுத்ததில்லை. வாய்க்குக் கிடைத்ததை இன்னொரு நாய் பிடுங்குவதற்கு முன் மறைவாகக் கொண்டுபோய்த் தின்பதே அதன் பிழைப்பு. எங்கள் செவலை குட்டியாகத் தெருவிலிருந்து வந்தவள். எதையாவது கவ்வினால் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவாள். முழங்கால் வலியால் குனிய முடியாத என் தாயாருக்குக் கீழே விழும் பொருள்களை எடுத்துத்தர அவளைப் பழக்கலாம் என்று நான் சொன்னபோது, வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

அவளைப் பழக்க நான் எடுத்துக்கொண்ட கருவி கிளிக்கர். அது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே உலோகத் தகடு ஒன்று இருக்கும். அழுத்தினால் டக்கென்று ஒலிக்கும். திருவிழாக் கடைகளில் முன்பு விற்ற தகரத் தவளைப் பொம்மைக்கும் இதற்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. அந்த ஒலியில் நாயை ஈர்க்கும் ஆற்றல் எதுவும் கிடையாது. ஒலித்த உடனே ஒரு துண்டு உணவு வரும் என்பது பழகிய பிறகு, 'இப்போது, இந்தக் கணத்தில், நீ செய்த இதற்குத்தான் கூலி' என்று நாய்க்குச் சுட்டும் அடையாளமாக அது மாறுகிறது. ஒலிக்கும் உணவுக்கும் இப்படித் தொடர்பு உண்டாவது ரஷ்ய அறிஞர் பாவ்லவ் ஆராய்ந்த செய்தி. ஒரு செயலின் விளைவு அச்செயல் மீண்டும் நிகழ்வதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பது அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் ஆராய்ந்தது. கிளிக்கர் பயிற்சி இவ்விரண்டையும் சேர்த்துக் கட்டியது. 1951-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் விலங்குகளுக்குக் கற்பிக்கும் முறை பற்றி எழுதிய கட்டுரையில், இத்தகைய ஒலிப் பொம்மையைப் பயன்படுத்தலாம் என்று ஸ்கின்னரே பொதுவாசகர்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறார். ஆனால் நாய் வளர்ப்பவர்களிடையே அது பரவியது 1990-களில்தான். ஹவாயில் டால்பின்களுக்கு விசில் கொண்டு பயிற்சி அளித்த கேரன் பிரையர் அதில் முக்கியப் பங்கு வகித்தார். கழுத்தில் வார் மாட்டி டால்பினை இழுக்க முடியாது. அது விரும்பி வந்தால்தான் உண்டு. அந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்த நாகரிகம் இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கிளிக்கரைப் பற்றி மிகையாகவும் பேசப்படுகிறது. இத்தாலியின் திரியெஸ்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கிளிக்கர் ஒலி, ஒரு சொல், வெறும் உணவு என்று மூன்று விதமாக நாய்களுக்கு ஒரே வேலையைக் கற்றுத்தந்து ஒப்பிட்டார்கள். கிளிக்கரால் கற்றல் விரைவுபட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை. கிளிக்கரால் முதலில் திருந்துவது பயிற்றுவிப்பவர்தான். எந்தக் கணத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று தெளிவாக முடிவு செய்யாமல் ஒருவரால் அந்தப் பெட்டியை அழுத்தவே முடியாது. 'சபாஷ்' என்று வாயால் சொல்பவர் நாய் செய்ததற்குச் சற்று முன்பும் சொல்வார், வெகு நேரம் கழித்தும் சொல்வார். தாம் தவறியதே அவருக்குத் தெரியாது. கட்டையைக் கவ்விப் பிடிப்பது போன்ற நொடிப்பொழுதுச் செயல்களைக் கற்றுத்தரும்போது இந்த ஒழுங்கு பெரிதும் உதவுகிறது.

தொடங்குவதற்கு முன் நாயில்லாமல் சிறிது பழகிக்கொள்வது நல்லது. ஒருவர் பந்தைத் தரையில் போட, அது தரையைத் தொடும் கணத்தில் நாம் அழுத்திப் பார்க்கலாம். பிறகு நாயிடம் வந்து, ஒரு முறை கிளிக், உடனே ஒரு துண்டு உணவு என்று சில தடவைகள் கொடுத்தால் போதும்; ஒலி கேட்டதும் நம் கையைத் தேடித் திரும்பினால் அதற்குப் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம். கிளிக் எப்போதும் ஒரு முறைதான். தவறிப்போய் அழுத்தினாலும் உணவைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த ஒலியின் மதிப்பு, அது ஒருபோதும் பொய்க்காததில்தான் இருக்கிறது. உணவுத் துண்டு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். மெல்லாமல் விழுங்கும்படி மென்மையாக இருக்க வேண்டும். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி, ஈரல், முட்டை ஆகியவை ஏற்றவை. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டு கூடாது, ஏனெனில் வெங்காயம் நாய்க்கு நஞ்சு. திராட்சையும் சாக்லேட்டும் அப்படியே. பயிற்சியில் கொடுத்ததை அன்றைய உணவில் குறைத்துவிட வேண்டும். தீபாவளிப் பட்டாசுக்கு நடுங்கும் நாய்கள் கிளிக்கர் ஒலிக்கும் மிரள்வதுண்டு. அவற்றுக்குப் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொள்ளலாம், அல்லது பந்துமுனைப் பேனாவின் பொத்தானை அழுத்தலாம்.

எந்தப் பொருளில் தொடங்குவது என்பதும் முக்கியம். பந்து கூடாது, அது உருண்டு ஓடித் துரத்தலைத் தூண்டிவிடும். குச்சியும் கூடாது, எறிந்த குச்சி நாயின் வாயிலும் தொண்டையிலும் குத்தி உண்டாகும் காயங்களைப் பற்றிக் கால்நடை மருத்துவர்கள் நீண்ட காலமாக எச்சரித்து வருகிறார்கள். கீழ்ப்படிதல் போட்டிகளில் மரத்தாலான சிறு டம்பெல்லைப் பயன்படுத்துகிறார்கள். இருபுறமும் தடித்து, நடுவில் மெலிந்து, தரையிலிருந்து சற்று உயர்ந்து நிற்பதால் நாய் அதன் நடுப்பகுதியைக் கவ்வுவது எளிது. நான் வீட்டில் கிடந்த பழைய பருத்தித் துண்டை இறுகச் சுருட்டி இரண்டு முனைகளையும் முடிச்சிட்டுக்கொண்டேன். செவலை தானாகக் கவ்வி விளையாடும் பொருளாக அது இருந்ததில்லை என்பதே அதன் சிறப்பு. கட்டிலுக்கு அடியில் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு அதன்மேல் ஏற்படவில்லை.

இனி, வரிசை. கொண்டுவந்து கொடுக்கும் செயலை நாய் செய்து முடிக்கும் வரிசையில் பார்த்தால் ஓடுதல், எடுத்தல், திரும்புதல், பிடித்திருத்தல், கையில் கொடுத்தல் என்று வரும். கற்றுத்தரும்போது இதைத் தலைகீழாக்கிக் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம். நீண்ட செய்யுளைக் கடைசி வரியிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வருபவர், எந்த வரியில் தொடங்கினாலும் மேலும் மேலும் நன்றாகத் தெரிந்த பகுதியை நோக்கியே போய்க்கொண்டிருப்பார். நாயும் அப்படித்தான். கையில் கொடுப்பது உறுதியாகக் கூலி கிடைக்கும் இடம் என்று முதலில் பதிந்துவிட்டால், பின்னர் எவ்வளவு தொலைவில் பொருளை வைத்தாலும் நாய் அந்த இடத்தை நோக்கித் திரும்பும்; தொலைவு அதைக் குழப்பாது.

ஆகவே முதல் பாடத்தில் எறிவது என்பதே கிடையாது. தரையில் உட்கார்ந்து, சுருட்டிய துண்டைக் கையில் பிடித்து நாயின் முகத்துக்கு அருகில் நீட்ட வேண்டும். அது துண்டைப் பார்த்தால் கிளிக். மூக்கால் தொட்டால் கிளிக். தொடுவது தயக்கமின்றி வரத் தொடங்கியதும், வெறும் தொடுதலுக்குக் கிளிக் செய்வதை நிறுத்திவிட வேண்டும். இந்த இடம்தான் எனக்கு எப்போதும் சுவையானது. இதுவரை பலித்த செயல் திடீரென்று பலிக்காமல் போகும்போது நாய் சோர்ந்து விலகுவதற்கு முன், அதே செயலை இன்னும் அழுத்தமாகச் செய்து பார்க்கும். மூக்கால் இடிக்கும், உதட்டால் உரசும், முன்காலால் தட்டும், ஒரு கணம் வாயைத் திறந்து பல்லால் பற்றும். அந்தப் பல் படுகிற கணத்தில் கிளிக் விழ வேண்டும். முன்காலைக் கண்டுகொள்ளக் கூடாது. செவலை சற்று நேரம் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள், பிறகு கடித்தாள். விலங்கு யோசிப்பது கண்ணுக்குத் தெரியும் தருணங்கள் இவ்வளவு தெளிவாக வேறு பயிற்சியில் கிடைப்பதில்லை.

படியை உயர்த்துவதில் அவசரமும் கூடாது, தேக்கமும் கூடாது. நாய் ஐந்து முயற்சியில் நான்கில் வென்றால் அடுத்த படிக்குப் போகலாம். இரண்டு மூன்று முறை தொடர்ந்து தோற்றால் முந்தைய படிக்கு இறங்கிவிட வேண்டும். ஒரு அமர்வு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் போக வேண்டியதில்லை. நாய் இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே பொருளை எடுத்து வைத்துவிடுவது, அது களைத்து நகரும்வரை நடத்துவதைவிடப் பயனுள்ளது.

பிடித்திருத்தல் என்ற படியில்தான் பெரும்பாலான முயற்சிகள் முடங்குகின்றன. கிளிக் ஒலித்தால் உணவு வரும். உணவு வந்தால் வாயில் இருப்பதை விட வேண்டும். ஆகவே கிளிக் கேட்டதும் நாய் பொருளைப் போட்டுவிடும். புதியவர்கள் இதைக் கண்டு, நாம் போடுவதைத்தான் கற்றுத்தருகிறோமோ என்று மிரண்டுபோகிறார்கள். அந்தக் கவலை வேண்டாம். கிளிக், செயல் முடிந்தது என்ற அறிவிப்பும்கூட. அது விழுந்த கணத்தில் பொருள் வாயில் அசையாமல் இருந்ததா என்பது மட்டுமே கணக்கு. கவனிக்க வேண்டியது மெல்லுதலை. கிளிக் சற்றுப் பிந்தினால் நாய் பொருளை மென்று புரட்டத் தொடங்கியிருக்கும். அப்போது அழுத்தினால் மெல்லுவதற்கே கூலி கொடுத்தவராகிறோம். அதனால் தொடக்கத்தில் வாய் மூடி அசைவின்றி இருக்கும் அரை நொடியிலேயே முந்திக்கொண்டு அழுத்த வேண்டும். பிறகு ஒரு நொடி, அரை நொடி, ஒன்றரை நொடி, மறுபடியும் அரை நொடி என்று ஏற்ற இறக்கமாக நீட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போனால், வேலை நாளுக்கு நாள் கடினமாகிறது என்று நாய்க்குத் தெரிந்து ஆர்வம் குறையும்.

வேட்டை நாய்களைப் பழக்குபவர்களிடையே, குறிப்பாக அமெரிக்காவில், இந்தப் பிடித்தலைக் கற்றுத்தர 'ஃபோர்ஸ் ஃபெட்ச்' என்ற பழைய முறை இருக்கிறது. நாயின் காதுமடலைக் கிள்ளுவார்கள். வலியில் வாய் திறந்ததும் கட்டையை வைப்பார்கள். கட்டை வாய்க்குள் போனதும் கிள்ளலை விடுவார்கள். வலி நிற்பதே அங்கே கூலி. அம்முறை பலிக்காது என்று நான் சொல்லமாட்டேன். பலிக்கிறது, அதனால்தான் இவ்வளவு காலம் நீடித்திருக்கிறது. அதை ஆதரிப்பவர்கள், விளையாட்டாகக் கற்ற நாய் மனமில்லாத நாளில் கொண்டுவராது என்று வாதிடுகிறார்கள். கொண்டுவராத நாய்க்குப் பெரும்பாலும் ஏதோ ஒரு படி சரியாகக் கற்றுத்தரப்படவில்லை என்பது என் கருத்து. அந்தப் படியைத் தேடிச் சரிசெய்வதற்குச் சோம்பிக் காதைப் பிடிப்பதில் நியாயம் இல்லை. விலங்கு நடத்தை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையும், எல்லா நாய்களுக்கும் வெகுமதி சார்ந்த முறைகளையே பரிந்துரைக்கிறது. தெருவில் அடிபட்டு வந்த நாய்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாதம் இன்னும் எளிது. அவற்றின் காதைக் கிள்ளத் துணிந்தால், கவ்வுவது கட்டையாக இருக்காது.

வெகுமதிக்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரிலாண்டும் மரியன் பிரிலாண்டும் விலங்குகளைக் காட்சிகளுக்குப் பழக்கும் நிறுவனம் ஒன்றை நடத்திவந்தார்கள். 1961-இல் தங்கள் தோல்விகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரக்கூன் ஒன்று நாணயத்தை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். ஒரு நாணயம் இருந்தவரை ஒருவாறு போட்டது. இரண்டு கொடுத்தபோது, இரையைக் கழுவுவதுபோல் அவற்றை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது, விட மறுத்தது. மரத்தாலான பெரிய நாணயங்களைச் சுமந்துவந்து உண்டியலில் போடப் பழகிய பன்றிகள், நாளடைவில் வழியிலேயே அவற்றைக் கீழே போட்டு மூக்கால் கிளறத் தொடங்கின. உணவோடு தொடர்புபட்ட பொருள், அந்த விலங்கு உணவை நடத்தும் விதத்திலேயே நடத்தப்படும் நிலைக்குச் சரிந்துவிடுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். இருவரும் கண்டது கொண்டுவந்து கொடுக்கும் பயிற்சியின் தோல்வியைத்தான் என்பதால், இதைப் படித்தபோது எனக்குக் கட்டிலுக்கடியில் ஒளியும் செவலையின் நடத்தை முழுவதும் விளங்கியது. பசியோடு இருக்கும் நாயிடம் இதைக் கற்றுத்தரக் கூடாது. பயிற்சிப் பொருளில் இறைச்சி வாடை ஏறவிடவும் கூடாது.

விட்டுக்கொடுத்தலுக்கு வருவோம். நாய் கிளிக் கேட்டு விடும்போது பொருள் தரையில் விழாமல் நம் உள்ளங்கையில் விழும்படி கையை முகவாய்க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். சில அமர்வுகளுக்குப் பின், கையில் விழுந்தால் மட்டுமே கிளிக். தரையில் விழுந்தால் கோபமும் இல்லை, கூலியும் இல்லை, மீண்டும் நீட்டுகிறோம். வாங்கிய பொருளை உடனே திருப்பிக் கொடுப்பது இங்கே பெரிய உதவி. கொடுத்ததால் உணவும் கிடைத்தது, பொருளும் திரும்ப வந்தது என்று கண்ட நாய்க்கு ஒளித்து வைப்பதில் லாபம் இல்லாமல் போகிறது. பொருளோடு இருக்கும்போது நெருங்கினால் உடல் விறைத்து உறுமும் நாய்களுக்கு மட்டும் இந்தப் பாடத்தை நாமாகத் தொடங்க வேண்டாம். உறுமலைத் தண்டித்தால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். அனுபவமுள்ள பயிற்சியாளரின் துணையோடு அச்சத்தை முதலில் குறைக்க வேண்டும்.

இதற்குப் பிறகு வேலை விரைவாக நகரும். கையைத் தரையை நோக்கித் தாழ்த்திக்கொண்டே போய், பொருளைத் தரையில் வைத்து, விரலை மட்டும் அதன்மேல் வைத்து, பிறகு விரலையும் எடுத்துவிடலாம். வாயில் பொருளோடு நடப்பது நாய்க்குத் தனிப் பாடம். நின்றபடி நன்றாகப் பிடிக்கும் நாய் அடி எடுத்து வைத்ததும் போட்டுவிடும். ஆகவே நாம் ஓரடி பின்வாங்கி, நாய் ஓரடி முன்வந்து கொடுத்தால் போதும் என்று தொடங்க வேண்டும். கூடத்தில் பிழையின்றிச் செய்ததை மொட்டைமாடியில் மறந்ததுபோல் நிற்கும். அது பிடிவாதம் அல்ல; நாய்க்கு இடம் மாறினால் பாடமும் பாதி புதிது. வழவழப்பான டைல்ஸ் தரையில் வழுக்கிப் பயந்தால் ஒரு பாய் விரித்துவிடலாம். எறிவது கடைசியில்தான், அதுவும் சில அடி தொலைவுக்குத்தான்.

கட்டளைச் சொல்லை இவ்வளவும் உறுதியான பிறகே சேர்க்க வேண்டும். தெரியாத செயலுக்குச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால், பொருளற்ற ஒலியாக அதைக் கேட்டுப் புறக்கணிக்கவே நாய் பழகும். 'எடு', 'கொடு' இரண்டும் ஒன்றுபோல் முடிவதால், எடுப்பதற்கு 'எடு' என்றும் கொடுப்பதற்கு 'தா' என்றும் வைத்துக்கொண்டேன். என் தாயாரோ அந்த ஒழுங்குக்கெல்லாம் கட்டுப்படுபவர் அல்லர். "கண்ணு, அந்தக் கண்ணாடியை எடுத்துட்டு வாடி" என்று முழு வாக்கியமாகத்தான் சொல்வார். செவலை அதில் 'எடு' வரும் இடத்துக்குக் காதை உயர்த்தக் கற்றுக்கொண்டாள். கண்ணாடி எது என்பதற்குத் தாயாரின் விரல் நீளும் திசையைப் பார்க்கிறாள்.

துணிச் சுருளிலிருந்து வேறு பொருள்களுக்கு மாறும்போது ஒவ்வொன்றுக்கும் மூக்கால் தொடுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இப்போது அந்தப் படிகள் மிகச் சில நிமிடங்களில் கடந்துவிடும். உலோகத்தைப் பல நாய்கள் வெறுக்கின்றன. சாவிக்கொத்தில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி, அதைக் கவ்வப் பழக்கிவிட்டு, பட்டையைச் சிறிது சிறிதாக வெட்டிக் குறைக்கலாம். நான் பட்டையை அப்படியே விட்டுவிட்டேன், சாவியைத் தேடவும் வசதியாக இருக்கிறது. செயல் நிலைத்துவிட்ட பொருளுக்குக் கிளிக்கர் தேவையில்லை, அதை மேசையில் வைத்துவிட்டு 'நல்லது' என்ற சொல்லோடு உணவைக் கொடுத்தால் போதும். உணவை முற்றிலும் நிறுத்துவது சரியல்ல. சில முறை உணவு, சில முறை வெறும் தடவல், எப்போதாவது கைநிறைய என்று மாற்றிக் கொடுக்கிறேன்.

ஒரு பக்க விளைவு மட்டும் எல்லோருக்கும் நேரும். கொண்டுவந்தால் கூலி என்று அறிந்த நாய் கேட்காததையும் கொண்டுவரும். செருப்பு, துடைப்பம், காயப்போட்ட துணி என்று ஒவ்வொன்றாக என் காலடியில் சேர்ந்த காலத்தில், கேட்டுக் கொண்டுவந்ததற்கு மட்டுமே உணவு என்ற விதியை வைத்தேன். மற்றதைப் பேசாமல் வாங்கி வைத்துவிடுவேன், அந்த வழக்கம் மெல்லக் குறைந்தது. மாத்திரை அட்டை, கோழி எலும்பு, கத்தி போல ஆபத்தானவற்றுக்கு இந்த விதி கிடையாது. அவற்றோடு அவள் வந்து நின்றால், கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும், வீட்டில் இருப்பதிலேயே சிறந்த துண்டை அந்தக் கணமே கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.